உங்கள் நிலத்தைப் புறம்போக்கு என்கிறார்களா? இதையெல்லாம் செய்துவிடாதீர்கள்

பரம்பரை நிலத்தைத் திடீரென்று 'அரசு புறம்போக்கு' என்று சொல்லி 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு நோட்டீஸ் வந்துவிட்டது என்று பத்திரக் கட்டும் கையுமாக வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவது, அசல் பத்திரத்தை யாரிடமாவது தூக்கிக் கொடுப்பது மாதிரியான விஷயங்களை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்திரம் பார்க்கத் தெரிந்தவர்களும், இந்த வக்கீல் தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளும் விழுகிற குழிகளை மட்டும் சொல்கிறேன்.

பட்டா கேட்டு மனு போடுவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான். ஒரு குடும்பத்திடம் சுதந்திரத்துக்கு முந்தைய பதிவுக் கிரயப் பத்திரம் இருந்தது, அதற்குப் பிந்தைய பாகப்பிரிவினையும் இருந்தது. 1979இல் தொடங்கி 80களில் நடந்த யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும்) வேலையில், அவர்கள் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு பகுதியைத் தனி உட்பிரிவாக்கி 'வண்டிப்பாதை புறம்போக்கு' என்று எழுதிவிட்டார்கள். யு.டி.ஆர். பிழை என்று ஆவணத்தோடு போய் நின்றிருந்தால் பேச இடம் இருந்திருக்கும். ஆனால் ஊரில் யாரோ "ஒரு மனு போட்டா பட்டா வந்துடும்" என்று சொல்ல, பெரியவர் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் கையில்தான் வார்ப்பு தயாராக இருக்குமே: 'மேற்படி அரசு புறம்போக்கு நிலத்தில் நாங்கள் நெடுங்காலமாக அனுபவம் செய்து வருகிறோம், ஏழைகளாகிய எங்கள் மேல் இரக்கம் கொண்டு ஒப்படை பட்டா வழங்க வேண்டுகிறோம்.' ஒப்படை என்றால் அரசு தன் நிலத்தை ஒருவருக்குக் கொடுப்பது. பெரியவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஒரு தாள் கோர்ட்டில் அரசுத் தரப்புச் சான்றாவணமாக வந்து உட்கார்ந்தது. குறுக்கு விசாரணையில் அரசு வக்கீல் அதிகம் கேட்கவில்லை. "இது உங்க கையெழுத்துதானே?" "ஆமாங்க." "சொந்த நிலத்தை எதுக்குங்க அரசாங்கத்துகிட்ட ஒப்படை கேட்டீங்க?" பதில் இல்லை. ஒப்புதல் என்பது முடிந்த முடிவான சான்று அல்ல, விளக்கம் சொல்லித் தப்பிக்க வழி உண்டு என்று சட்டம் சொல்கிறதுதான். ஆனால் அந்த விளக்கத்தைச் சொல்லியே வருஷங்கள் ஓடிவிடும்.

பி மெமோ ரசீதும் இதே ரகம். அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் இருப்பதற்குக் கட்டச் சொல்லும் பணம் அது. அதை லேமினேஷன் செய்து, "இத்தனை வருஷமா வரி கட்டுறோம் சார்" என்று பெருமையாக நீட்டுகிறார்கள்! கட்டியே ஆக வேண்டிய நெருக்கடி வந்தால், 'எங்கள் உரிமைக்குப் பாதகமில்லாமல், ஆட்சேபத்துடன் செலுத்துகிறோம்' என்று எழுதிக் கொடுத்து, அதன் நகலில் அலுவலக முத்திரையோடு ஒப்புதல் வாங்கிக்கொண்டு கட்டுங்கள். மனு எழுதினால் 'எங்கள் பட்டா நிலம் தவறுதலாகப் புறம்போக்கு என்று பதிவாகியுள்ளது, திருத்துங்கள்' என்று எழுதுங்கள். அதில் 'ஒப்படை', 'இலவச', 'வரன்முறை' என்று ஏதாவது இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

"அதான் பட்டா இருக்கே"

பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டுமே உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் சொல்லிச் சலித்துவிட்டன. பட்டா இல்லை என்பதாலேயே உரிமை போய்விடாது என்பது இதன் மறுபக்கம்.

சர்வே எண்ணின் பூர்வீகத்தைத் தேடாமல் விடுவது

பழைய பத்திரத்தில் பைமாஷ் எண்ணும் (அந்தக் கால நில அளவை எண்) செக்குபந்தியும் (நான்கு எல்லை விவரம்) மட்டும் இருக்கும், இன்றைய எண் இருக்காது. இரண்டும் ஒரே நிலம்தான் என்று காட்டாவிட்டால் பத்திரம் எவ்வளவு பழையதாக இருந்தும் பயனில்லை, "அது வேற நிலம்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். இன்றைய அ-பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு), புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்), அதற்கு முன்னால் யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேடு, அதற்கும் முன்னால் செட்டில்மென்ட் பதிவேடு, இனாம் கிராமமாக இருந்தால் இனாம் பதிவேடு, ஜமீன் கிராமமாக இருந்தால் 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வந்த ரயத்துவாரிப் பட்டா உத்தரவு என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போக வேண்டும். தாலுகாவில் 'பதிவேடு சிதிலமடைந்துவிட்டது' என்று பதில் வந்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள், எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பாருங்கள். வில்லங்கச் சான்றும் அப்படித்தான். ஆன்லைனில் எல்லா ஆண்டுக்கும் கிடைக்காது, அதில் இல்லாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனு கொடுக்க வேண்டும்.

எல்லாமே சான்றிட்ட நகலாக இருக்கட்டும். செல்போனில் எடுத்த படம் வேண்டாம்.

நத்தம் என்றதும் பயப்படுவது

கிராம நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய இடம், அரசு நிலம் அல்ல. சென்னை உயர் நீதிமன்றம் இதைப் பலமுறை சொல்லிவிட்டது.

உரிமையும் எனது, எதிரிடை அனுபவமும் எனது

எதிரிடை அனுபவம் என்றாலே 'நிலம் அடுத்தவருடையது, ஆனாலும் நான் அனுபவித்தேன்' என்று பொருள். பத்திரத்தை வைத்துக்கொண்டு இதையும் கூடவே கோரினால், இரண்டு காலும் இரண்டு படகில். அரசுக்கு எதிராக 12 ஆண்டு போதாது, 30 ஆண்டு வேண்டும். வெறுமனே குடியிருந்தேன் என்று சொன்னாலும் போதாது. 2010இல் கர்நாடக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், அரசை எதிர்த்து உரிமை கேட்டு வருகிறவர் அதைத் தெளிவாக நிரூபிக்க வேண்டும் என்று சொன்னதை ஒருமுறை படித்துவிட்டு வழக்குரை எழுதுங்கள்.

தடையாணை மட்டும் கேட்பது

உரிமையே கேள்விக்குள்ளான பிறகு, நிலம் உங்களுடையது என்று நீதிமன்றமே அறிவிக்கும் விளம்புகைப் பரிகாரமும் சேர்த்துக் கேளுங்கள்.

நாட்களை எண்ணாமல் இருப்பது

அரசு மேல் சிவில் வழக்குப் போட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு அறிவிப்பு கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், அவசரம் என்றால் நீதிமன்ற அனுமதியோடு முன்பே போடலாம். ஆனால் ஆக்கிரமிப்புச் சட்ட நடவடிக்கையை எதிர்த்துப் போடும் வழக்குக்கு அந்த ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு ஆறு மாதம்தான் கெடு வைத்திருக்கிறது. ஆகவே நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள், உறையையும் தூக்கிப் போடாதீர்கள்.