ஐந்து வாட் போதும்: முதல் கைரேடியோ வாங்குகிறவர்களுக்கு

காரைக்குடிப் பக்கம் யாருக்காவது ஹாம் ரேடியோவில் (உரிமம் பெற்று, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோவில்) ஆசை வந்துவிட்டால், "எந்த வாக்கி டாக்கி வாங்கலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு நேரே கடைக்குப் போனால், பெண் பார்க்கும் முன்பே பந்தலுக்கு முன்பணம் கொடுத்த கதையாகிவிடும். ஆகவே கடை வாசலை ஐந்தாவது படியில்தான் மிதிக்கப் போகிறோம்.

முதல் படி: உரிமம்

அமெச்சூர் ரேடியோ உரிமத்தை மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் உள்ள டபிள்யூ.பி.சி. பிரிவு வழங்குகிறது. 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதலாம். 'சரள் சஞ்சார்' என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வில் இரண்டு நிலைகள் உண்டு. ஜெனரல் நிலைக்கு மோர்ஸ் குறியீடு தெரிந்திருக்க வேண்டும்; அதில் தேறியவர்களின் அழைப்புக் குறி (ரேடியோவில் அவரவர் அடையாளம்) பெரும்பாலும் வி.யூ.2 என்று தொடங்கும். ரெஸ்டிரிக்டெட் நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை, அதற்கு வி.யூ.3. கைரேடியோ வைத்துப் பேச இந்த இரண்டாவது நிலையே போதும். பத்தாம் வகுப்பு இயற்பியல் நினைவிருந்து, விதிமுறைகளை ஒழுங்காகப் படித்தால் தேறிவிடலாம்.

"பேச மாட்டேன், சும்மா கேட்கத்தானே வாங்குகிறேன்" என்பார்கள். அலைபரப்பும் கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். 1933ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டே நிலைமை இதுதான். தேர்வு முடியும்வரை கேட்டுப் பழக வேண்டுமென்றால், இணையம் வழியாகக் கேட்கக்கூடிய வெப்எஸ்டிஆர் நிலையங்கள் உலகமெங்கும் இருக்கின்றன. காசில்லாமல், பயமில்லாமல் கேட்கலாம்.

இங்கே ஒரு கிளைக்கதை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடியோடு நடக்கும் குழுக்களும், சிராவயல் மஞ்சுவிரட்டில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் இளைஞர்களும் வாக்கி டாக்கி தேடுவதுண்டு. அவர்களுக்கு அமெச்சூர் ரேடியோ பொருந்தாது. குழுவில் ஒவ்வொருவரும் உரிமம் வாங்க வேண்டியிருக்கும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள துண்டில், குறைந்த சக்தியில் இயங்கும் அனுமதி பெற்ற கருவிகளுக்கு 2018 முதல் உரிமம் தேவையில்லை. கருவிக்கு அரசின் இ.டி.ஏ. எனும் கருவி வகை ஒப்புதல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அமெச்சூர் ரேடியோவை 446க்குத் திருப்பி வைத்துப் பேசினால் அது இந்த விலக்கில் வராது.

இரண்டாம் படி: யாரோடு பேசப் போகிறீர்கள்?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, கைபேசியும் ஊமையாகிவிட்டது. அதன் பிறகு ரேடியோவை நினைத்தவர்கள் இங்கே நிறையப் பேர். அந்த எண்ணம் நல்லதே. ஆனால் ஒரு ரேடியோவால் தனியாக ஒன்றும் செய்ய முடியாது, எதிர்முனையில் ஆள் வேண்டும். வாங்கும் முன்பே அருகிலுள்ள ஹாம்களைத் தேடிப்பிடித்து மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: நேரடியாகப் பேச எந்த அலைவரிசை, எட்டக்கூடிய ரிப்பீட்டர் (குரலை வாங்கி மறுபடி பரப்பும் நிலையம்) எது, அதைத் திறக்கும் டோன் (குரலோடு போகும் மெல்லொலி) என்ன.

இந்தியாவில் கைரேடியோவுக்குப் பயன்படும் அமெச்சூர் பகுதிகள் இரண்டு: வி.எச்.எஃப். பக்கம் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், யூ.எச்.எஃப். பக்கம் 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ். முதலாவதில்தான் அதிகம் பேசுவீர்கள். ஆனாலும் இரண்டும் உள்ள கருவியையே வாங்குங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, செயற்கைக்கோள்களைக் கேட்க இரண்டாவதும் உதவும்.

மூன்றாம் படி: எங்கே நின்று பேசுவீர்கள்?

இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமான படி இதுதான். கடைக்காரர், "அண்ணே, இது எட்டு வாட், பதினைந்து கிலோமீட்டர் அடிக்கும்" என்பார். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. பூமியின் வளைவு மறைத்துவிட்டால் எட்டு வாட் இருந்தாலும் பயனில்லை. எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் என்று கிடைக்கும்.

தரையில் நிற்பவரின் கையில் ரேடியோ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவானம் 5 கிலோமீட்டர். இருவரும் தரையில் என்றால் 10, அதுவும் வெட்டவெளிப் பொட்டலில். ஊருக்குள் கட்டடமும் மரமும் குறுக்கே நின்று அதைப் பாதியாக்கிவிடும், சில இடங்களில் இன்னும் குறைத்துவிடும். தட்டட்டியில் ஏறி ஆன்டெனாவைப் பத்து மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோங்கள், 13 கிலோமீட்டர். எதிராளியும் தன் வீட்டுத் தட்டட்டியில் ஏறினால் 26. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் இருப்பது சுமார் 18 கிலோமீட்டர்தான்.

கோடைப் பண்பலை 100.5 கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். அது ஒலிபரப்பாகும் கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். கணக்குப் போட்டால் அடிவானம் 189 கிலோமீட்டர். செட்டிநாடு முழுக்க அதற்குள் அடங்கிவிடும். ரிப்பீட்டர் வைக்க ஹாம்கள் மலை தேடுவதும் இதற்காகத்தான். மலைமேல் இருக்கும் ரிப்பீட்டர் உங்கள் ஐந்து வாட்டை வாங்கி, தன் உயரத்திலிருந்து மறுபடி பரப்பும். நம் பக்கத்தில் உயரம் வேண்டுமென்றால் சிங்கம்புணரிக்கு அருகே பிரான்மலை இருக்கிறது. பாரியின் பறம்பு அதுதான் என்பார்கள். ரேடியோக்காரனுக்கும் அது வள்ளல்தான்.

நான்கு வாட்டை எட்டாக்கினால் கேட்பவரின் மீட்டரில் 3 டெசிபெல் கூடும். அதாவது அந்த மீட்டரின் ஒரு படியான எஸ்-அலகில் பாதி. காதுக்கு வித்தியாசம் தெரிவதே அரிது, பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும்.

வீட்டுக்குள் நின்று பேசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகப்பு, பட்டாசாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும் நம் வீடுகளில் சுவர்கள் பருமன். வளவின் நடுமுற்றத்தில் கொஞ்சம் கேட்கும், உள்ளறையில் ஒன்றும் கேட்காது. ரேடியோவைக் குறை சொல்லும் முன் மாடிப்படி ஏறிப் பாருங்கள்.

நான்காம் படி: மாடல்

பாவ்ஃபெங் யூ.வி.-5ஆர் 2012 முதல் சந்தையில் இருக்கிறது. இரண்டு அலைப்பகுதி, நான்கைந்து வாட், அலைவரிசைகளைச் சேமிக்க 128 நினைவிடங்கள், 1800 எம்.ஏ.எச். பேட்டரி. உதிரியும் ஒயரும் எங்கும் கிடைக்கும், சந்தேகம் கேட்கவும் ஆள் இருக்கும். குவான்ஷெங் யூ.வி.-கே5 பின்னால் வந்தது. 200 நினைவிடங்கள் உண்டு, சி-வகை ஒயரில் சார்ஜ் ஏறும், விமானங்களின் ஏ.எம். பேச்சையும் பிடிக்கும், மென்பொருளை மாற்றி விளையாடவும் இடம் தரும். இரண்டும் சில ஆயிரம் ரூபாயில் அடங்கும். ஜப்பானின் யாயெசு எஃப்.டி.-65ஆர் இவற்றைப்போல் சில மடங்கு விலை.

மலிவு ரேடியோவில் எங்கே குறை? முதலாவது, அலையின் சுத்தம். 145இல் பேசும்போது அதன் மடங்குகளான 290, 435 மெகாஹெர்ட்ஸிலும் கொஞ்சம் கசியும். அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். தன் ஆய்வகத்தில் சோதித்தபோது மலிவு ரேடியோக்களில் பல அந்த நாட்டின் வரம்பைத் தாண்டியே கசிந்தன. இரண்டாவது, காது. பக்கத்தில் பலமான அலைபரப்பி இருந்தால் மலிவு ரேடியோ திணறி, மெல்லிய குரல்களைத் தவறவிடும். கூடவே வரும் குட்டை ஆன்டெனாவில் இந்த இரண்டு குறையும் அதிகம் தெரியாது. மாடியில் பெரிய ஆன்டெனா நட்டு அதில் இணைத்தவுடன் வெளியே வந்துவிடும்.

என் தீர்ப்பு இது: கையில் வைத்துப் பேசவும் கேட்கவும் மட்டும் என்றால் மலிவானதே போதும். கூரையில் ஆன்டெனா நடப் போவது உறுதியென்றால் ஜப்பான் ரேடியோவுக்குக் காசு சேருங்கள். மலிவில் எதை எடுப்பது என்று குழம்பினால், உங்கள் ஊர் ஹாம் எதை வைத்திருக்கிறாரோ அதையே எடுங்கள். அவருடைய ஒயரும் அனுபவமும் உங்களுக்கும் உதவும். தொழிற்சாலைகளில் கழித்துக்கட்டிய பழைய செட்டுகளை மட்டும் முதல் ரேடியோவாக வாங்காதீர்கள். தட்டிப் பார்க்க உறுதியாகத்தான் இருக்கும், ஆனால் அலைவரிசை மாற்ற ஒவ்வொரு முறையும் தனி மென்பொருள் கேட்கும்.

ஐந்தாம் படி: வாங்குவது

உரிமத்தின் நகலைக் கேட்கும் விற்பனையாளரிடம் வாங்குங்கள். ஒன்றும் கேட்காமல் தருகிறவரிடம் உங்களுக்குச் சௌகரியம். பில் வேண்டும் என்னும்போது சிரமம் தெரியும். 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஒப்புதல் விவரம் இல்லாமல் வாக்கி டாக்கி விற்ற இணைய அங்காடிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

பெட்டியைத் திறந்ததும் பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். கொக்கி இறுக வேண்டும், ஆடக் கூடாது. பேசும் பொத்தானை அழுத்தி விட்டால் உடனே மேலெழ வேண்டும். பேட்டரிமேல் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், பருமனும் எடையும் கூடாமல் கொள்ளளவு மட்டும் இரட்டிப்பாகாது. சில மாடல்களுக்கு இரண்டு முனையும் சி-வகையாக உள்ள ஒயரில் சார்ஜ் ஏறாது. ஒரு முனை பழைய தட்டை வகையாக இருக்க வேண்டும். இது தெரியாமல் நல்ல ரேடியோவைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

ஆறாம் படி: ஆன்டெனா

மிச்சம் பிடித்த காசை இங்கே செலவிடுங்கள். 40 சென்டிமீட்டர் அளவுள்ள இரட்டை அலைப்பகுதி ஆன்டெனா நல்ல முன்னேற்றம். பெயர்பெற்ற மாடல்களுக்குப் போலி ஏராளம். வாங்கும் முன் ரேடியோவின் தலையைப் பாருங்கள். மேலே சொன்ன சீன ரேடியோக்களில் நடுவில் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், வேறு சில ரேடியோக்களில் ஓட்டை இருக்கும். ஒன்றின் ஆன்டெனா மற்றதில் ஏறாது.

காசே இல்லாத வழி ஒன்றும் உண்டு. வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய மெல்லிய கம்பியில் 50 சென்டிமீட்டர் வெட்டுங்கள். ஒரு நுனியில் இரண்டு சென்டிமீட்டர் தோலைச் சீவி, செம்பை வளையமாக முறுக்குங்கள். ஆன்டெனாவைத் திருகிக் கழற்றி, ரேடியோ தலையின் வெளிச்சுற்று உலோகத்தில் வளையத்தை மாட்டி, ஆன்டெனாவை மறுபடி இறுக்குங்கள். நடு ஊசியில் செம்பு படவே கூடாது. மீதிக் கம்பி வாலாகத் தொங்கட்டும். 145 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். அதில் கால் பங்குதான் இந்த வால். குட்டை ஆன்டெனாவுக்கு இல்லாத மறுபாதியை அது கொடுக்கிறது. வி.எச்.எஃப்.இல் ரிப்பீட்டரைத் தொட முடியாமல் தடுமாறுகிற ரேடியோ, இந்த வாலோடு தொட்டுவிடுவதுண்டு.

ஆன்டெனா இல்லாமல் பேசும் பொத்தானை அழுத்தாதீர்கள், உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் கெட்டுப்போகக்கூடும்.

ஏழாம் படி: அலைவரிசை பதிவு

பொத்தான்களில் தட்டிப் பதிவதைவிடக் கணினியில் சர்ப் (CHIRP) என்ற இலவச மென்பொருளைப் போட்டு, இரண்டு ஊசி ஒயரால் இணைப்பது எளிது. மலிவு ஒயர்களில் போலிச் சில்லு இருந்தால் விண்டோஸ் அடையாளம் காணாது, சி.எச்.340 அல்லது எஃப்.டி.டி.ஐ. சில்லு உள்ள ஒயரைக் கேட்டு வாங்குங்கள். முதலில் ரேடியோவில் இருப்பதைப் படித்து ஒரு நகல் சேமியுங்கள். பிறகு எழுதுங்கள்.

ரிப்பீட்டருக்கு மூன்று தகவல் வேண்டும். அது பேசும் அலைவரிசை, நீங்கள் அனுப்ப வேண்டிய இடைவெளி, டோன். வி.எச்.எஃப்.இல் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் கீழே. அது 145.700இல் பேசினால் உங்கள் ரேடியோ 145.100இல் அனுப்பும். டோன் தவறினால் ரிப்பீட்டர் வாயே திறக்காது.

அடுத்து, அனுப்பும் எல்லையை 144–146, 434–438 என்று பூட்டிவிடுங்கள். இந்த ரேடியோக்கள் பல, பெட்டியிலிருந்து வரும்போது 136 முதல் 174 வரை எங்கும் அனுப்பும். கடலில் ஆபத்துக்கு அழைக்கும் 156.800 அதற்குள்தான் இருக்கிறது, தொண்டிக் கடற்கரை நமக்குத் தூரமில்லை. பாக்கெட்டில் பொத்தான் அழுந்திக் கிடந்தால் போதும், யாரோ ஒருவரின் அவசரக் குரல் அமுங்கிப்போகும்.

பதிவில் 145.800ஐயும் கேட்பதற்காகச் சேர்த்துவிடுங்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஹாம் ரேடியோ இந்த அலைவரிசையில் பூமிக்குப் பேசும். பள்ளி மாணவர்களோடு விண்வெளி வீரர்கள் பேசுவதும், சில நாள்களில் படங்கள் அனுப்புவதும் இதில்தான். நிலையம் தலைக்கு மேல் கடக்கும் நேரத்தை இணையத்தில் பார்த்து, தட்டட்டியில் ஏறி, இரைச்சலை அடக்கிவைக்கும் ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்து, ஆன்டெனாவைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நேராக நிலையத்தை நோக்கி நீட்டினால் ஒலி குறையும், குறுக்காகப் பிடித்தால் கூடும். ஒரு கடப்பு அதிகபட்சம் பத்து நிமிடம். மலிவு ரேடியோவின் முழுப் பணத்தையும் அன்றே வசூலித்துவிடலாம்.

பேசும் முறை எளிது. முதலில் கேளுங்கள், யாரும் பேசவில்லை என்றால் உங்கள் அழைப்புக் குறியைச் சொல்லி, கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேசத் தொடங்குங்கள், இல்லையென்றால் முதல் எழுத்து எதிராளிக்குப் போகாது. தமிழில் பேசத் தடையில்லை. வியாபாரம் பேசக் கூடாது. கடைக்குச் சரக்கு வந்ததா, வட்டி வசூலானதா என்பதற்கெல்லாம் கைபேசி இருக்கிறது.