மலிவு மவுஸ் பேடை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக கேமிங்குக்கு வருகிறவர்கள் மவுஸ் பேட் வாங்குவதைப் பார்த்தால், ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே தவறுகள்தான். தூசி படிந்த மேஜையில் விரித்துவிட்டு வழுக்குகிறது என்பது போன்ற சில்லறை விஷயங்களை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே தெரிந்துவிடும்.

அளவைக் கணக்குப் போடாமல் வாங்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும். பேடின் வழவழப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். உங்கள் சென்சிட்டிவிட்டிக்கு (மவுஸை நகர்த்தினால் கேமில் பார்வை எவ்வளவு திரும்பும் என்ற அமைப்பு) எத்தனை சென்டிமீட்டர் இடம் வேண்டும் என்று கேட்டால் முழிப்பார்கள்.

கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமை எடுத்துக்கொள்வோம். சென்சிட்டிவிட்டி 1 என்றால், மவுஸ் நகரும்போது அனுப்பும் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பார்வை 0.022 டிகிரி திரும்பும். 800 டிபிஐ என்று மவுஸில் வைத்தால், அது நகரும் ஓர் அங்குலத்துக்கு 800 எண்ணிக்கை, அதாவது 17.6 டிகிரி. முழுச் சுற்றுக்குச் சுமார் 52 சென்டிமீட்டர், முதுகுப் பக்கம் திரும்ப 26. பேடின் அகலமே 25 என்றால், நடுவிலிருந்து ஒரு பக்கம் கிடைப்பது 12.5. அதிலும் மவுஸின் பாதி அகலத்தைக் கழிக்க வேண்டும். 90 டிகிரிகூடத் தேறாது.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், சண்டை நடுவில் எய்ம் (குறி) நகராமல் நின்றுபோகிறது என்று மவுஸின் சென்சார்மேல் பழிபோட்டு விலை உயர்ந்த மவுஸ் வாங்கினார். அதே பேட், அதே கோளாறு. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் விளிம்பு வரை போய், மவுஸைத் தூக்கி நடுவில் வைத்துக்கொண்டிருக்கிறார். தூக்கிய நேரத்தில் எய்ம் எப்படி நகரும்? அப்புறம் பேடுக்கு ஏற்றபடி சென்சிட்டிவிட்டியை இரண்டு மடங்காக்கினார். திரும்புவது எளிதானது, தலைக்கு வைத்த குறி தோளைத் தாண்டிப் போனது. பெரிய பேட் ஒன்று வாங்கியிருந்தால் மவுஸ் காசு மிச்சம். 45 சென்டிமீட்டர் அகலத்தில், மேலே சொன்ன அமைப்புக்கு ஒரு பக்கம் 135 டிகிரி வரை கிடைக்கும். பெரும்பாலும் அது போதும். முதலில் ஸ்கேலை எடுத்து உங்கள் அரைச்சுற்றை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

முதல் நாளே தீர்ப்பு

துணி பேட் புதிதில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். வியர்வையும் அழுக்கும் ஏறிய பிறகு நடுப்பகுதி மந்தமாகும். சில வாரம் கழித்து மூலையிலும் நடுவிலும் மவுஸை மெதுவாக இழுத்துப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும். துவைத்தும் போகவில்லை என்றால் துணி தேய்ந்துவிட்டது. குறுக்கே ஒரு மாதிரி, மேலும் கீழும் வேறு மாதிரி உராய்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். நெசவைப் பொறுத்து சில பேடுகளில் அப்படி இருக்கும்.

‘ஸ்பீடு’, ‘கன்ட்ரோல்’ முத்திரைகள்

வேகமாக வழுக்கினால் ஸ்பீடு, உராய்வு கூடினால் கன்ட்ரோல் என்பார்கள். பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் ஸ்பீடு இன்னொன்றின் கன்ட்ரோல்.

வண்ண விளக்கு

எய்முக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தையல் விளிம்பு

பரப்பைவிட மேடாக இருந்தால் மணிக்கட்டை அறுக்கும். வேண்டாம்.