அரியர் விழுந்துவிட்டதா? புத்தகத்தை மூடிவைத்துப் படிக்கும் முறை

கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குத் தினமும் பஸ்ஸில் போய் பி.காம் படித்தேன். மூன்றாவது செமஸ்டர் ரிசல்ட்டை மொபைலில் பார்த்தபோது பஸ் தொட்டபெட்டா ஜங்ஷனைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஐந்து பேப்பரில் மூன்று அரியர். அந்த மூன்றையும் எப்படி எழுதி முடித்தேன் என்பதை, முதல் அரியரோடு நிற்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்

நான் நான்கு நாள் மறைத்தேன். அந்த நான்கு நாளும் ஒரு வரி படிக்கவில்லை. கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மாவிடம் ஒருவழியாகச் சொன்னபோது, "சரி, சாப்பிட்டுட்டு படு, காலைல பேசிக்கலாம்" என்றார். எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது, தெரியும். வீட்டில் முடியாவிட்டால் அண்ணனோ, மாமாவோ, நண்பனோ, யாராவது ஒருவர். மனசு ரொம்பக் கனத்து, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

படி 2: மார்க் எங்கே போனது என்று பாருங்கள்

காஸ்ட் அக்கவுண்டிங்கில் எனக்கு இன்டர்னல் (கல்லூரியே போடும் மார்க்) 19, எக்ஸ்டர்னல் (பல்கலைக்கழகத் தேர்வு மார்க்) 22. மொத்தம் 41. பாஸ் மார்க் 40தானே, பிறகு எப்படி அரியர் என்று குழம்பினேன். எங்கள் விதிப்படி எக்ஸ்டர்னலில் மட்டும் தனியாக 75-க்கு 30 எடுக்க வேண்டுமாம். இரண்டாம் ஆண்டில்தான் இதைத் தெரிந்துகொண்டேன், வெட்கக்கேடு! உங்கள் பல்கலைக்கழக விதியை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். அதற்குச் சில நாள்தான் அவகாசம் தருவார்கள். என் நகலில் தியரிக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன்; கணக்கு வந்த இடத்தில் சூத்திரத்தோடு நிறுத்தியிருந்தேன். படிக்காததால் போன மார்க் இல்லை அது. கணக்கைக் கையால் போட்டுப் பழகாததால் போனது. இரண்டு மூன்று மார்க்கில் போயிருந்தால் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டலாம். எட்டு மார்க்கை அதில் எதிர்பார்ப்பது லாட்டரிச் சீட்டு வாங்குகிற மாதிரி.

படி 3: மூடு, எழுது, திற

இதைக் கண்டுபிடித்த பெருமை எனக்கில்லை, எங்கள் ஊர்ச் சாலைக்குத்தான். அந்த வளைவுகளில் புத்தகத்தைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் குமட்டும். அதனால் ஏறுமுன் ஒரு பாடத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு "என்ன படித்தோம்" என்று யோசிப்பேன். பாதி வராது. ஊட்டியில் இறங்கியதும் வராத பாதியை மட்டும் பார்ப்பேன். வீட்டில் இரவு பதினொன்று வரை மஞ்சள் கோடு போட்டுப் படித்ததெல்லாம் மறந்துபோக, பஸ்ஸில் யோசித்ததுதான் நின்றது.

காரணம் பிறகு தெரிந்தது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு குழு ஒரு கட்டுரையை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால்: அவர்களுக்குக் கட்டுரையில் 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: அவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. படித்த உடனே "எல்லாம் தெரியும்" என்று தோன்றுகிறதே, அதை நம்பித்தான் நான் கவிழ்ந்தேன்.

செய்யும் விதம்: இரண்டு பக்கம் படியுங்கள். மூடுங்கள். வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதை எழுதுங்கள். திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். சிவப்புதான் நாளைய பாடம்.

கணக்கென்றால் தீர்வைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள், நீங்களே போடுங்கள். தேயிலைத் தூள் கிலோ 200 ரூபாய்க்கு விற்கிறது, கிலோவுக்கு மாறும் செலவு (அளவு கூடினால் கூடுவது) 140, நிலையான செலவு (எவ்வளவு விற்றாலும் மாறாதது) 60,000 என்று வையுங்கள். கிலோவுக்கு நிற்பது 60 ரூபாய். 60,000-ஐ 60-ஆல் வகுத்தால் 1,000 கிலோ. அந்த அளவு விற்றால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பிரேக் ஈவன் பாயிண்ட் என்று ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தபோது ஏறாதது, தூள் விலையில் போட்டதும் ஏறியது. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் முதலில் தமிழில் புரிந்துகொண்டு, அப்புறம் ஆங்கில வரையறைக்குப் போங்கள்.

படி 4: இடைவெளி விட்டுத் திரும்புங்கள்

பழைய கல்யாணப் பத்திரிகைகளை நான்காக வெட்டினால் நல்ல கெட்டி அட்டை கிடைக்கும். முன்னால் கேள்வி, பின்னால் பதில். தெரிந்த அட்டை மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து. தெரியாதது நாளைக்கே.

படி 5: மலைக்கேற்ற கால அட்டவணை

அரியர் பேப்பர் வழக்கமான பேப்பர்களோடு சேர்ந்தே வரும், அதனால் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். ஒரு பேப்பருக்குத் தினம் நாற்பது நிமிடம் போதும். நவம்பர் தேர்வுச் சமயத்தில் மழையில் கரண்ட் போகும். குறிப்புகள் மொபைலில் மட்டும் இருந்தால் சிக்கல், தாளிலும் வைத்திருங்கள். ஏப்ரல், மே என்றால் சுற்றுலா சீசன். நானும் ஒரு சாக்லேட் கடையில் நின்றிருக்கிறேன், காசு தேவைதான். ஆனால் காலையில் அட்டையை முடித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இரவு நின்ற காலோடு வந்து படிப்பது நடக்காத காரியம்.

கடைசி மூன்று வாரம் பழைய வினாத்தாள்தான். மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து, முழுதாக, மேசையில் உட்கார்ந்து எழுதுங்கள். முதல் தாளில் எனக்குக் கடைசி இரண்டு கேள்விக்கு நேரமே இல்லை. நாலாவது தாளில்தான் சரியானது.

படி 6: தேர்வு நாள்

வழக்கமான பஸ்ஸுக்கு முந்தைய பஸ். சீசனில் வண்டி எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் கவரில் போடுங்கள், குடை இருந்தாலும் பை நனையும். ஜன்னலோர இடம் கிடைத்தால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். புத்தகம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.