முதல் ஸ்போர்ட்ஸ் டே: புது ஊழியர்கள் ஆட்டத்துக்கு வெளியே செய்யும் தவறுகள்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் எனக்கு அந்த மெயில் வந்தது. சனிக்கிழமை ஸ்போர்ட்ஸ் டே, கூடவே டீம் பில்டிங், எல்லோரும் வர வேண்டும், எந்தப் போட்டி என்று புதன்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் கடைசிக்கு முந்தி வந்தவன் நான். கடைசியாக வந்தவனுக்குக் காலில் அடிபட்டிருந்தது. யோசிக்காமல் பதில் போட்டேன்: "முழங்கால் வலி, விளையாட முடியாது."

அந்த ஒரு வரிக்காக ஒன்றரை மாதம் நொண்டினேன். படியேறும்போது பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பேன், வந்தால் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன். பக்கத்து இருக்கைக்காரர் தனக்குத் தெரிந்த எலும்பு மருத்துவரின் எண்ணைக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து "போய்ப் பார்த்தீங்களா?" என்று அக்கறையோடு வேறு கேட்டார். எந்தக் கால் என்று சொன்னேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

அன்றைக்கு ஓடிக் கடைசியாக வந்திருந்தால் திங்கட்கிழமைக்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள். இந்த நாளில் ஆட்டத்துக்குள் செய்யும் தவறுகள் பெரிதில்லை. முன்னாலும் பின்னாலும் ஓரத்திலும் செய்பவைதான் கூடவே வருகின்றன.

நழுவுவதற்குப் பொய் சொல்வது

விளையாட விருப்பமில்லை என்றால் ஏற்பாடு செய்பவரிடம் முன்கூட்டியே போய், "எனக்கு விளையாட்டு அவ்வளவா வராது, ஸ்கோர் எழுதட்டுமா?" என்று கேளுங்கள். இந்த மாதிரி நாளில் விளையாட ஆள் கிடைத்துவிடுவார்கள்; ஸ்கோர் எழுத, நேரம் பார்க்க, விசில் ஊத, தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் கிடைக்காது. கேட்டவர் உங்களைக் கட்டிப்பிடிக்காத குறையாக நன்றி சொல்வார். அதோடு, ஸ்கோர் எழுதுபவர் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டே ஆக வேண்டும். மூன்று மாதம் வராந்தாவில் சிரித்துக் கடந்துபோனவர்களின் பெயரெல்லாம் ஒரே காலையில் தெரிந்துவிடும்.

உண்மையிலேயே ஆஸ்துமா, முதுகுவலி, கர்ப்பம், பழைய அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் இதற்கு நேரெதிரான தவறு நடக்கிறது: புதுசாகச் சேர்ந்திருக்கிறோமே என்று சொல்லாமல் மறைத்துவிட்டுக் களத்தில் இறங்குவது. முழு மருத்துவக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. "ஓடுவது, குதிப்பது எனக்குக் கூடாது" என்றாலே போதும். இன்ஹேலர் பயன்படுத்துபவர் என்றால் அது பையில் எங்கே இருக்கிறது என்று அணியில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

கடைசி வாரத்தில் திடீர்ப் பயிற்சி

மெயில் வந்த அன்றைக்கே ஓடத் தொடங்கும் ஒரு கூட்டம் உண்டு. வருடக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உடம்பு அது. பழக்கமில்லாத உடற்பயிற்சியால் வரும் தசைவலி அன்றே பெரிதாகத் தெரியாது. பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்குப் போகும். வியாழக்கிழமை ஆவேசமாகப் பயிற்சி செய்தால் சனிக்கிழமை காலை கட்டிலிலிருந்து இறங்குவதே ஒரு போட்டியாகிவிடும். இரண்டு மூன்று வாரம் இருந்தால் வேகநடையும் மெதுவான ஓட்டமும் பழகலாம். ஒரு வாரம்தான் இருக்கிறதென்றால் நடந்தால் போதும்.

களத்தில் இறங்குமுன் ஐந்து பத்து நிமிடம் உடம்பைச் சூடுபடுத்திக்கொள்ளுங்கள். மெதுவாக ஓடுவது, முழங்காலை உயர்த்தி நடப்பது, கையைச் சுழற்றுவது என்று அசைந்துகொண்டே செய்பவை நல்லது. ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் காலை இழுத்துப் பிடித்து நின்றால், உடனே பிறகு ஓடுவதற்கான விசை சற்றுக் குறையும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஷூ. ஸ்போர்ட்ஸ் டேக்கென்று புது ஷூ வாங்கி அன்றைக்கே முதல்முறை போடாதீர்கள். கொப்புளம் வந்தால் பரிசு வாங்கக்கூட நொண்டித்தான் போக வேண்டும்.

எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்ற நினைப்பு

பதற்றத்தின் ஆணிவேர் இதுதான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் நடத்தி 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. போட்டுக்கொள்ளவே கூச்சமான, ஒரு பாடகரின் படம் பதித்த டி-ஷர்ட்டை மாணவர்களுக்குப் போட்டுவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். பந்து உங்கள் கையிலிருந்து நழுவும் நொடியில் மைதானத்தில் பாதிப் பேர் தங்கள் தொப்பை டி-ஷர்ட்டில் தெரிகிறதா என்ற கவலையில் இருக்கிறார்கள்.

நெஞ்சு படபடக்கும்போது "அமைதி, அமைதி" என்று தன்னைத்தானே அதட்டுவதும் பெரிதாக உதவுவதில்லை. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட சோதனைகளில், பாடுவதற்கும் மேடையில் பேசுவதற்கும் முன்னால் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். படபடப்பும் உற்சாகமும் உடம்புக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பெயரை மாற்றுவது அதை அடக்குவதைவிடச் சுலபம்.

போட்டியைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது

ஆள் குறைகிறது என்று யாரோ கேட்டதும், வாழ்நாளில் தொட்டிராத ஆட்டத்துக்கு "சரி" என்று தலையாட்டிவிடுகிறோம். பார்வையாளர்கள் இருக்கும்போது நன்கு பழகிய வேலை இன்னும் நன்றாக வரும், பழகாதது இன்னும் மோசமாக வரும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸையன்ஸ் 1965-லேயே எழுதினார். ஆகவே, சின்ன வயதில் கொஞ்சமாவது ஆடியதைத் தேர்ந்தெடுங்கள். அப்படி எதுவுமே இல்லையா? கயிறு இழுக்கும் போட்டியில் சேருங்கள்.

கூச்சக்காரர்களுக்கு அதைப்போல் ஓர் ஆட்டம் கிடையாது. அதில் நட்சத்திரமும் இல்லை, சொதப்பியவரும் இல்லை. அது 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக் போட்டியாகவே இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அணியில் பேச்சைத் தொடங்க நல்ல விஷயம். இன்னொன்றும் சொல்லலாம். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான், 1913-ல் வெளியிட்ட தன் ஆய்வில், ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரின் இழுவையும் குறைவதைக் காட்டினார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனித்தனியே இழுக்கக்கூடியதன் கூட்டுத்தொகையில் பாதியளவுதான் வந்தது. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததும் அதற்கு ஒரு காரணம். அதனால் ஆளாளுக்குக் கத்தாமல் ஒருவர் மட்டும் தாளம் கொடுத்தால், பருமனான அணியையும் நகர்த்திவிடலாம். அந்தத் தாளம் கொடுக்கும் வேலைக்குத் தசை வேண்டாம், குரல் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை: பிடி நழுவுகிறதே என்று கயிற்றைக் கையிலோ மணிக்கட்டிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். 1997-ல் தைவான் தலைநகர் தாய்பேயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இழுத்த கயிறு அறுந்து இருவரின் கை துண்டானது. அலுவலகக் கயிறு அவ்வளவு பெரிதாக இருக்காதுதான். ஆனாலும் விரல் எலும்பு சின்னது.

ஓடியாடாத விளையாட்டுகளில் சறுக்குவது

மதியத்துக்கு மேல் வட்டமாக உட்காரவைத்து, "உங்களைப் பற்றி இங்கே யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள்" என்பார்கள். ஓட்டப்பந்தயத்துக்குப் பயந்தவர்கள் எல்லாம் உண்மையில் பயப்பட வேண்டிய இடம் இதுதான். தயாரிக்காமல் போனால் இரண்டில் ஒன்று நடக்கும்: "அப்படி ஒண்ணும் இல்ல" என்று முடித்துக்கொள்வோம், இல்லையென்றால் பதற்றத்தில் குடும்பச் சண்டையையோ பழைய காதலையோ உளறிவிடுவோம். ஒரு சின்ன, தீங்கில்லாத, யாராவது திரும்பக் கேள்வி கேட்கக்கூடிய விஷயத்தை முதல்நாளே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய சாவிகளைச் சேர்க்கிறேன், இடது கையால் எழுதப் பழகுகிறேன், இந்த அளவு போதும். பழைய கம்பெனியைப் பற்றிய குறை மட்டும் வேண்டாம். கேட்பவர்களுக்கு, நாளை தங்களைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார் என்றுதான் தோன்றும்.

காகிதக் கோபுரம் கட்டுவது, புதிர் அவிழ்ப்பது போன்றவற்றில், தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டுமென்று மொத்தத்தையும் கையிலெடுக்கும் புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசிவரை சுவரோடு சுவராக நிற்பவர்களையும்தான். நடுவில் ஓர் எளிய வழி இருக்கிறது: நேரத்தைக் கவனித்து, "இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு, முதல்ல அடிப்பாகத்தை முடிச்சிடலாமா?" என்று கேட்பது.

கண்ணை மூடிப் பின்னால் சாய்வது, கைகோத்து முடிச்சவிழ்ப்பது போன்ற, உடம்பு படும் விளையாட்டுகள் பிடிக்கவில்லை என்றால் "நான் இதைப் பார்க்கிறேன், அடுத்ததில் வருகிறேன்" என்று சொல்லிவிடலாம். விளக்கம் தேவையில்லை. வேறொருவர் அப்படிச் சொல்லும்போது கையைப் பிடித்து இழுப்பவராகவும் இருக்காதீர்கள்.

நன்றாக ஆடுபவர்கள் செய்வது

எல்லாப் புதியவர்களும் தோல்விக்குப் பயப்படுபவர்கள் அல்ல. கல்லூரி அணியில் ஆடியவர், தன் நேரம் வந்துவிட்டது என்று நினைப்பார். நடுவராக நிற்கும் கணக்குப் பிரிவுக்காரரிடம் "அது லைனுக்கு உள்ளேதான்" என்று பத்து நிமிடம் வாதாடுவார். அவர் ஒருநாள் நடுவர். உங்கள் பயணப்படி பில்லோ வருடம் முழுக்க அவர் மேசையில். மேனேஜரிடம் வேண்டுமென்றே தோற்பதும் அதே அளவு அசட்டுத்தனம். அது அவருக்கும் தெரிந்துவிடும், பார்ப்பவர்களுக்கும் தெரிந்துவிடும்.

போட்டோக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீழே விழுந்தவரின் படத்தை அவரைக் கேட்காமல் எந்தக் குழுவிலும் போடாதீர்கள், எவ்வளவு சிரிப்பாக இருந்தாலும்.

முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிடுவது கடைசித் தவறு. அந்த அரை மணி நேரத்தில்தான் நாற்காலி அடுக்குவது, கயிற்றைச் சுருட்டுவது, பாட்டில் பொறுக்குவது எல்லாம் நடக்கிறது. ஒரு மேசையின் அந்தப் பக்கத்தை யாரோ தூக்க, இந்தப் பக்கத்தை நீங்கள் தூக்கினால் பேச்சு தானாக வரும்.

திங்கட்கிழமை தொடை பிடித்துக்கொண்டிருக்கும். படியில் உங்களுக்கு முன்னால் ஒருவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக முனகிக்கொண்டே இறங்குவார். அவரிடம் எந்த ஆட்டம் என்று கேளுங்கள். நீங்களும் நிஜமாகவே நொண்டிக்கொண்டிருப்பீர்கள்.