லோக்கல் ஃப்ரெண்டோட ருமேனியா: கோட்டை, மலை கிராமம் சுத்த 4 நாள் ரோட் ட்ரிப் போடுறது எப்படி

ருமேனியால ட்ரான்சில்வேனியா பக்கம் நான் ரெண்டு தடவை போயிருக்கேன், ரெண்டு தடவையும் கூட வேலை பார்த்த ஃப்ரெண்டோட தான், அவனுக்கு சொந்த ஊரு பிரஷோவ். டூர் பஸ்ல போனா கோட்டை மட்டும் தான் பாக்கலாம், மலை மேல இருக்கற வீட்டுக்குள்ள போய் உக்காந்து சாப்பிடணும்னா அந்த ஊர் ஆளு ஒருத்தர் கூட இருக்கணும். அப்படி யாராச்சும் உங்களுக்கு இருந்தா முதல் தடவை எப்படி பிளான் பண்றதுனு வரிசையா சொல்றேன்.

ஸ்டெப் 1: மாசத்தை முடிவு பண்ணுங்க

டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இதை முடிச்சிருங்க. ட்ரான்ஸ்ஃபகரஷான்னு ஒரு மலை ரோடு இருக்கு, 2042 மீட்டர் உயரம் ஏறும், அதோட மேல் பகுதி பனியால வருஷத்துல பாதிக்கு மேல மூடித்தான் இருக்கும், பொதுவா ஜூன் கடைசி இல்ல ஜூலை ஆரம்பத்துல திறந்து அக்டோபர் வரைக்கும் ஓடும். முதல் தடவை நாங்க ஜூன் முதல் வாரம் போனோம், மேல ரோடு மூடியிருந்துச்சு. பாலேயா அருவி வரைக்கும் கார்ல போய் அங்கிருந்து கேபிள் கார்ல தான் மலை மேல இருக்கற ஏரிக்கு ஏறினோம். அதனால செப்டம்பர் தான் என் சாய்ஸ், கூட்டமும் குறைஞ்சிருக்கும்.

ஸ்டெப் 2: பேப்பர் வேலை

2025 ஜனவரி 1ல இருந்து ருமேனியா முழுசா ஷெங்கன்ல (ஒரே விசால பல ஐரோப்பிய நாடு சுத்தற ஏற்பாடு) சேந்தாச்சு, அதனால ஷெங்கன் விசா போதும். நீங்களும் ஓட்டுறதா இருந்தா நம்ம லைசென்ஸோட இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் எடுத்துக்கோங்க. வாடகை கார்னா ஃப்ரெண்டு பேரையும் ரெண்டாவது டிரைவரா அக்ரிமென்ட்ல எழுத வைங்க, எழுதாம அவர் ஓட்டி ஏதாச்சும் இடிச்சா இன்ஷூரன்ஸ் கிடைக்கறது கஷ்டம். ரோவினியேத்தானு ஒரு ரோடு வரி இருக்கு, ஆன்லைன்லயும் பெட்ரோல் பங்க்லயும் கட்டலாம், வாடகை கார்ல பெரும்பாலும் கட்டியிருப்பாங்க, ஆனா கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. குடிச்சிட்டு ஓட்டுறதுக்கு அங்க அளவே கிடையாது, சுத்தமா பூஜ்யம். கிராமத்துல வீட்டுக்கு வீடு ட்சூய்கானு பிளம் பழ சாராயம் ஊத்தி குடுப்பாங்க, அன்னைக்கு யாரு ஓட்டறதுனு காலைலயே பேசிருங்க.

ஸ்டெப் 3: ஃப்ரெண்டுகிட்ட காசு பேச்சை முதல்லயே முடிங்க

இது எனக்கு ரொம்ப முக்கியமா படுது. அவரு லீவு போட்டுட்டு வர்றாரு, டிரைவரும் இல்ல கைடும் இல்ல. டீசல், ரூம், கோட்டை டிக்கெட் எல்லாம் என் பொறுப்புனு நான் முன்னாடியே சொல்லிட்டேன், சாப்பாடு மட்டும் மாத்தி மாத்தி குடுத்துக்கிட்டோம். அவருக்கு பாத்து பாத்து சலிச்ச இடத்துக்கு நீங்க தனியா உள்ள போயிட்டு வாங்க, அவர் வெளிய காபி குடிக்கட்டும்.

ஸ்டெப் 4: முதல் நாள், பெலேஷ்

தலைநகர் புகாரெஸ்ட்ல இருந்து பெலேஷ் அரண்மனை இருக்கற சினாயா சுமார் 125 கி.மீ. தான், ஆனா சனி ஞாயிறுல அந்த ரோடு அப்படியே நின்னுரும், அதனால வார நாள்ல விடியக்காலைல கிளம்புங்க. திங்கள், செவ்வாய் தவிர்த்துருங்க, அரண்மனைக்கு வார லீவு அந்த நாள்ல வரும். பெலேஷ் ருமேனியா ராஜா முதலாம் கரோல் கட்டினது, 1873ல ஆரம்பிச்சு 1883ல திறந்து 1914 வரைக்கும் வேலை நடந்திருக்கு. மரச் செதுக்கல் வேலைப்பாடு பிடிச்சவங்க ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க.

ஸ்டெப் 5: ரெண்டாவது நாள், பிரானும் அதுக்கு மேல இருக்கற கிராமங்களும்

பிரான் கோட்டைய டிராகுலா கோட்டைனு விக்கறாங்க, ஆனா டிராகுலாங்கற பேருக்கு சொந்தக்காரரான பழைய ராஜா விளாத் டெபெஷுக்கும் இதுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. 1377ல ஹங்கேரி ராஜா அனுமதி குடுத்து பிரஷோவ்ல குடியேறின சாக்சன்ங்கற ஜெர்மன் மக்கள் கட்டினது, கணவாய்ல வர்ற வியாபாரத்தையும் படையையும் கண்காணிக்க. 1920ல பிரஷோவ் நகரம் இதை ருமேனியா ராணி மரியாவுக்கு பரிசா குடுத்துச்சு. அந்த ராணியோட இதயத்தை தனியா எடுத்து வெள்ளிப் பேழைல வெச்சு பல வருஷம் இந்த கோட்டை பக்கத்துல தான் வெச்சிருந்தாங்க, இப்ப அது சினாயால பெலிஷோர் அரண்மனைல இருக்கு. என் ஃப்ரெண்டு இதை சொன்னப்புறம் தான் எனக்கு அந்த குட்டி குட்டி ரூமெல்லாம் ஒருத்தங்க வாழ்ந்த வீடா தெரிஞ்சுது.

மதியத்துக்கு மேல மோயேச்சு, ஃபுந்தாத்தா பக்கம் ஏறுங்க. ரூம் வேணும்னா "கசாரே"னு போர்டு தொங்கும், தங்க இடம் இருக்குனு அர்த்தம். நாங்க தங்கினது ஃப்ரெண்டோட சொந்தக்காரங்க வீட்டுல. அங்க போக சில விஷயம் தெரிஞ்சிருக்கணும், பூ வாங்கிட்டு போனா ஒற்றைப்படைல தான் வாங்கணும், ரெட்டைப்படை சாவு வீட்டுக்கு. வயசான அம்மாக்கள பாத்தா "ஸரூத் முனா"னு சொல்லுங்க, கைய முத்தமிடறேன்னு அர்த்தம், எங்க பாட்டி வயசுல இருந்த அந்த அம்மா இதைக் கேட்டதும் என் கன்னத்தை புடிச்சுக்கிட்டாங்க.

சாப்பாட்டுக்கு மாமாலிகா, அதாவது சோள மாவு களி. நம்ம ஊர் களி மாதிரியே கிண்டி பலகைல கவுத்து கொட்டி, கத்தி வெக்காம ஒரு நூலை ரெண்டு கையால இழுத்து புடிச்சு அடியில விட்டு மேல தூக்கி வெட்டினாங்க, துண்டு ஒட்டாம அழகா பிரிஞ்சு வந்துச்சு. கூட ஊசியிலை மரப்பட்டைல சுத்தி வெச்ச செம்மறி ஆட்டுப்பால் சீஸ், பட்டை வாசனை சீஸுக்குள்ள இறங்கியிருக்கும். வெஜ் ஆளுங்களுக்கு இது ஒண்ணே போதும், சூப் மட்டும் கேட்டு குடிங்க, பெரும்பாலும் கறி இருக்கும்.

ராத்திரி எல்லாரோட ஃபோனும் ஒரே நேரத்துல அலறுச்சு. அரசாங்க எச்சரிக்கை மெசேஜ், ருமேனிய மொழில. அதுல "உர்ஸ்"னு இருந்தா கரடினு அர்த்தம், வெளிய போகாதீங்க.

ஸ்டெப் 6: மூணாவது நாள், ட்ரான்ஸ்ஃபகரஷான் மலை ரோடு

ஃபகராஷ் ஊர் வழியா போய் கர்ட்ஸிஷோவாரா கிராமத்துல இருந்து ஏறணும். 1968ல சோவியத் படை செக்கோஸ்லோவாக்கியாவுக்குள்ள புகுந்ததுக்கு அப்புறம், தன் படையும் மலைய தாண்ட ஒரு வழி வேணும்னு அப்ப ருமேனியாவை ஆண்ட சௌஷெஸ்கு 1970ல இருந்து 74 வரைக்கும் ராணுவத்தை வெச்சு போட்ட ரோடு இது. திறந்திருக்கற சீசன்லயும் மேல் பகுதில ராத்திரி விட மாட்டாங்க, அதனால காலைலயே ஏறிருங்க. கியர் கார்னா இறங்கும்போது செகண்ட்லயே வாங்க, பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா சூடேறிரும். தெற்கு பக்கம் காட்டுல கரடிங்க ரோட்டோரமா வந்து உக்காந்திருக்கும், பாவமா இருக்கும், ஆனாலும் கண்ணாடி இறக்காதீங்க, தீனி போடாதீங்க, ஃபைன் மட்டும் இல்ல, மனுசன்கிட்ட பழகின கரடிய கடைசில சுட்டுடறாங்க.

ஸ்டெப் 7: நாலாவது நாள், பொயெனாரி

விளாத் டெபெஷ் நிஜமாவே பயன்படுத்தின கோட்டை இது தான், 1480 படி ஏறணும். கரடி நடமாட்டத்தால அப்பப்ப மூடிருவாங்க, முந்தின நாளே ஃப்ரெண்ட விட்டு ஃபோன் பண்ணி கேக்கச் சொல்லுங்க. மூடியிருந்தா குர்தேயா தே அர்ஜெஷ் மடாலயத்தை பாத்துட்டு பித்தேஷ்டில மோட்டார்வே புடிச்சா சாயங்காலத்துக்குள்ள புகாரெஸ்ட் வந்துரலாம்.