சேன் பியேரில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

கரீபியன் கடலில் இருக்கும் மார்த்தினிக் தீவுக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும், சேன் பியேரில் எத்தனை ராத்திரி என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலானவர்கள் தெற்கே வெள்ளை மணல் பக்கம் அறை எடுத்துக்கொண்டு, இந்த ஊருக்கு ஒரு மத்தியானத்தை மட்டும் ஒதுக்குகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். பகல் ஒரு மணிக்குப் போய் இறங்கினோம். கடைகள் அடைத்துக் கிடந்தன. கல் சுவர்கள் அனலடித்தன. எந்த மலையைப் பார்க்கப் போனோமோ அது மேகத்துக்குள் இருந்தது. மூன்று மணிக்கே வண்டியைத் திருப்பிவிட்டோம். அந்தப் பயணத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிறகு இரண்டு முறை போனேன், ஒருமுறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு. எங்களுக்குப் பூர்வீகம் காரைக்கால். 1902-ல் பெலே எரிமலை வெடித்து அழிந்த ஊர் இது. நம் ஆட்கள் இந்த ஊரை எரிமலைக்காக மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விசா. மார்த்தினிக் பிரான்ஸின் பகுதிதான், பணமும் யூரோதான், ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா எல்லைக்குள் வராது. பிரான்ஸில் வசிப்பு அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் விண்ணப்பிக்கும்போதே மார்த்தினிக் போகிறோம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். ஷெங்கன் முத்திரை இருக்கிறதே என்று நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள். பாரிஸ் ஓர்லியிலிருந்து நேராக விமானம் உண்டு, எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். டிசம்பர் கடைசி முதல் மே வரை மழை குறைவு. அந்தப் பருவத்தை அங்கே கரேம் என்பார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம்.

காரை வாடகைக்கு எடுத்துவிடுங்கள். பஸ் உண்டு, ஆனால் சாயங்காலத்துக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் அதை நம்பி நிற்க முடியாது. தலைநகர் ஃபோர் தெ ஃபிரான்ஸிலிருந்து மேற்குக் கடலோரமாக 30 கிலோமீட்டர் அளவு, ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் இடம் சேன் பியேரிலேயே கிடைக்காவிட்டால் பக்கத்து ஊரான கார்பேயில் பாருங்கள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் ‘போன்ழூர்’ சொல்லிவிட்டுப் பிறகு விலை கேளுங்கள். நேரடியாக விலையில் ஆரம்பித்தால் அவர்களுக்கு முகம் சுருங்கிவிடுகிறது, அதில் நியாயமும் இருக்கிறது.

இனி அந்தக் காலைப் பொழுது. ஆறரைக்கெல்லாம் கடலோரத்துக்கு வந்துவிடுங்கள். ஊர் மேற்கே கடலைப் பார்த்து இருக்கிறது, கிழக்கே குன்றுகள். அதனால் வெயில் ஊருக்குள் இறங்க நேரமாகும். மீனவர்கள் படகு இழுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் வடக்கே திரும்பினால் பெலே மலையின் உச்சி தெரிய நல்ல வாய்ப்பு உண்டு. 1,397 மீட்டர். பத்து மணிக்குள் பெரும்பாலும் மேகம் மூடிவிடும். மலையை நன்றாகப் பார்த்த பிறகு ஊருக்குள் நடங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மலை எங்கே இருக்கிறது என்பது மனதில் பதிந்தால்தான் இடிபாடுகள் புரியும்.

நிற்கும் இடத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். 1635-ல் பிரெஞ்சுக்காரர்கள் இறங்கிக் குடியேறிய கரை இது. சர்க்கரையும் ரம்மும் ஏற்றப் போன கப்பல்கள் இந்த விரிகுடாவில் வரிசை கட்டி நின்றன. நிர்வாகம் ஃபோர் தெ ஃபிரான்ஸில் இருந்தாலும் பணமும் நாகரிகமும் இங்கேதான் என்று இதைச் சின்ன பாரிஸ் என்று அழைத்தார்கள். அந்தப் பணத்துக்கு அடியில் அடிமைகளின் உழைப்பு. 1848 மே 22-ல் இந்தப் பகுதியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறுநாளே தீவில் விடுதலை அறிவிக்கப்பட்டது. இன்றும் மே 22 அங்கே விடுமுறை நாள்.

அதற்குப் பிறகு தோட்டக்காரர்களுக்குக் கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தார்கள். 1853 மே 6 அன்று ஓரேலி என்ற கப்பல் முதல் கூட்டத்தைக் கொண்டுவந்து இதே சேன் பியேரில் இறக்கியது. அடுத்த முப்பது வருடங்களில் இந்தத் தீவுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 25,000 பேர். நான் இதைச் சொல்லச் சொல்ல அம்மா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். “இங்கதான் எறக்கினாங்களா?” என்றார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் கருப்பு மணலில் இறங்கி, கணுக்கால் நனையும் வரை போய் நின்றார். நான் கூப்பிடவில்லை.

அங்கிருந்து ஏறி தியேட்டருக்கு வாருங்கள். 1786-ல் போர்தோ தியேட்டரை மாதிரியாக வைத்துக் கட்டியது, 800 பேர் உட்காரலாம். இரண்டு பக்கமும் வளைந்து ஏறும் முன் படிக்கட்டு அப்படியே இருக்கிறது. கூரை இல்லை, மாடம் இல்லை. இங்கே நின்று ஒரு வேலை செய்யுங்கள். எந்தச் சுவர்கள் நிற்கின்றன, எவை தரைமட்டம் என்று பாருங்கள். பிறகு ஊர் முழுக்க அதையே கவனித்துக்கொண்டு வாருங்கள். வடக்கு தெற்காக ஓடும் சுவர்கள் பல இடங்களில் உயரமாக நிற்கும். கிழக்கு மேற்காக, அதாவது மலைக்குக் குறுக்கே நின்ற சுவர்கள்தான் அதிகம் விழுந்திருக்கும். வந்தது வடக்கிலிருந்து வந்தது. குறுக்கே நின்றதை அடித்துத் தள்ளிவிட்டு, ஒத்து நின்றதை உரசிக்கொண்டு போய்விட்டது. இதை ஒருமுறை கண்ணால் பிடித்துவிட்டால் வழிகாட்டி இல்லாமலே ஊரைப் படிக்கலாம்.

வந்தது எரிமலைக் குழம்பு அல்ல. நம்மில் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். 1902 ஏப்ரல் கடைசியிலிருந்தே மலை சாம்பலைத் தூவிக்கொண்டிருந்தது. மே 5-ல் சேறு சரிந்து வந்து ஒரு சர்க்கரை ஆலையை ஆட்களோடு மூடியது. சுற்றுக் கிராமத்துக்காரர்கள் பயந்து சேன் பியேருக்கே ஓடி வந்தார்கள். மே 11-ல் தேர்தல் நடக்க இருந்தது. ஆளுநர் மூத்தே தன் மனைவியோடு இந்த ஊருக்கே வந்து தங்கினார். மே 8, இயேசு விண்ணேற்றத் திருநாள், காலை எட்டு மணி தாண்டியதும் மலையின் பக்கவாட்டிலிருந்து கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்த ஒரு மேகம் தரையோடு தரையாக உருண்டு வந்தது. மலைக்கும் ஊருக்கும் ஏழு கிலோமீட்டர் அளவுதான். சில நிமிடங்களில் ஏறத்தாழ 28,000 பேர் இறந்தார்கள். ஆளுநரும் அதில் ஒருவர். பிறகு ஆராய வந்த அல்ஃபிரெட் லக்ருவா என்ற அறிஞர்தான் இதற்கு நுவே அர்தான்த், எரியும் மேகம், என்று பெயர் வைத்தார்.

தியேட்டருக்குப் பக்கத்திலேயே, தாழ்வான இடத்தில் சிறைக்கூண்டு. சிப்பாரிஸ் என்ற கைதி இதற்குள் இருந்தார். தடித்த கல் சுவர், வளைந்த கூரை, பின்பக்கம் பூமிக்குள் புதைந்தாற்போல் இருக்கும். வாசலும் காற்றுத் துளையும் மலையைப் பார்த்து இல்லை. உடம்பெல்லாம் தீக்காயத்தோடு மூன்று நாள் கழித்து அவரை வெளியே எடுத்தார்கள். பின்னாளில் ஒரு அமெரிக்க சர்க்கஸ் கம்பெனி அவரை ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் காட்டியது. ஊரில் தப்பிய இன்னொருவர் லியோன் கொம்பேர் லேயாந்திர் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி. கூண்டுக்குள் குனிந்து நுழைந்து கையைச் சுவரில் வையுங்கள். வெளியே வெயில் ஏறியிருந்தும் கல் குளிர்ந்திருந்தது.

அடுத்து நினைவகம். ஃபிராங்க் பெரே என்ற அமெரிக்க எரிமலை ஆய்வாளர் 1933-ல் தொடங்கிய அருங்காட்சியகம். 2019-ல் புதுப்பித்துத் திறந்தார்கள். சின்ன இடம், ஆனால் ஒரு மணி நேரம் கொடுங்கள். நடுவில் தேவாலய மணி ஒன்று இருக்கிறது. வெண்கல மணி, ஒருபக்கமாக நசுங்கி, வாய் கோணி, மாவுப் பாத்திரத்தை மிதித்த மாதிரி. கண்ணாடிப் பாத்திரங்கள் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன. சுவரில் இறந்தவர்களில் அடையாளம் தெரிந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். அம்மா ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டே போனார். அவருக்குக் கண்ணாடி மாட்டியும் சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் நடுவில் நிறுத்த மனம் வரவில்லை.

மதியத்துக்குள் இன்னும் நான்கு இடங்கள் நடக்கலாம். கடலோரம் ஃபிகியே பகுதியில் பழைய கிடங்குகளின் அடித்தளம். ரொக்ஸெலான் ஆற்றின் மேல் 1766-ல் கட்டிய கல் பாலம். கீழே அந்தக் காலத்தில் சலவைப் பெண்கள் துணி அலசிய கற்கள். ஃபோர் தேவாலயத்தின் இடிபாடு, பாறை பாறையாகப் பெயர்ந்து விழுந்தபடியே விட்டிருக்கிறார்கள். மனநோயாளிகளுக்கான பழைய மருத்துவமனையையும் பாருங்கள். கட்டிவைக்கும் இரும்பு நாற்காலியின் மிச்சம் அங்கே இருக்கிறது. சிறு பிள்ளைகளோடு போனால் அதை மட்டும் தவிர்க்கலாம்.

சாப்பாட்டுக்கு உள்ளூர் மெனுவில் கொலொம்போ என்று இருந்தால் கேளுங்கள். கோழியிலோ ஆட்டுக்கறியிலோ செய்வது. மஞ்சள், கொத்தமல்லி, சீரகம், கடுகு மணக்கும். ‘குழம்பு’ என்ற நம் சொல்தான் கொலொம்போ ஆயிற்று என்று பலர் சொல்கிறார்கள். வாயில் வைத்தால் நம்பத் தோன்றும். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அக்ரா என்ற பக்கோடா பெரும்பாலும் கருவாட்டில் செய்தது. கிரிஸ்தோஃபின் கிராத்தேன் என்பது நம் சௌசௌவைப் பாலும் சீஸும் சேர்த்துச் சுட்டது, அது நன்றாக இருக்கும். ஈரப்பலாவும் கிடைக்கும்.

மலை ஏற ஆசைப்படுகிறவர்களுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். மோர்ன் ரூழ் பக்கம் எய்லெரோன் என்ற இடத்தில் வண்டியை விட்டால், ஏறக்குறைய 820 மீட்டர் உயரத்திலிருந்தே பாதை ஆரம்பிக்கிறது. விளிம்பு வரை போக இரண்டு மணி நேரத்துக்கு மேல். விடியும்போதே கிளம்புங்கள். மழைக் கோட்டு, பிடிப்புள்ள ஷூ, தண்ணீர் கட்டாயம். மேலே குளிரும், மேகம் வந்தால் பத்தடி தெரியாது. அப்படி மூடினால் திரும்பிவிடுங்கள், பிடிவாதம் வேண்டாம். பாதையை விட்டு விலகாதீர்கள். இந்தத் தீவுக்கே உரிய கொடிய விரியன் புதருக்குள் இருக்கும். 2020 டிசம்பரில் மலைக்கு மஞ்சள் எச்சரிக்கை கொடுத்தார்கள், ஆகவே கிளம்பும் முன் எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். மழை பெய்திருந்தால் பிரேஷேர் ஆற்றுப் படுகையில் கால் வைக்கவே கூடாது. சேற்று வெள்ளம் சொல்லாமல் வரும். கடற்கரையில் சிவப்புக் கோடு போட்ட மரத்தைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள். மான்சனீய்யே மரம். அதன் பால் பட்டாலும், மழைக்கு அடியில் ஒதுங்கினாலும் தோல் வெந்துவிடும்.

டைவிங் தெரிந்தவர்களுக்கு விரிகுடாவின் அடியில் 1902-ல் மூழ்கிய கப்பல்கள் கிடக்கின்றன. ரொரைமா ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில் இருப்பதால் அனுபவசாலிகளுக்கு மட்டும். குடும்பத்தில் எல்லாரும் இறந்துபோக, பிரான்ஸில் படித்துக்கொண்டிருந்ததால் மிஞ்சிய விக்தோர் தெபாஸ் திரும்பி வந்து நடத்திய ரம் ஆலையும் ஊருக்கு மேலே இருக்கிறது. குடிக்காதவர்களும் கரும்பு நசுக்கும் இயந்திரத்தைப் பார்க்கப் போகலாம்.

நேரம் குறைவு என்றால் மேலே சொன்ன இரண்டையும் விட்டுவிட்டு வடக்கே இருக்கும் பாஸ் புவேந்த் ஊருக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். வரைபடத்தில் பிரேஷேர் வழியாகக் கடலோரமாகவே சுற்றிப் போகலாம் போலத் தெரியும். முடியாது, தார்ச் சாலை நடுவில் முடிந்துவிடும், பிறகு நடைபாதைதான். மோர்ன் ரூழ், அழுப்பா புய்யோன் வழியாக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே வாழைத் தோட்டங்களுக்கு நடுவே, கிராதிஸ் என்ற பழைய தோட்டத்தில், மலியேமென் கோயில் இருக்கிறது. மலியேமென் நம் மாரியம்மன். பக்கத்தில் மல்தேவிலேன், மதுரை வீரன். பூசை நடக்கும் நாளை ஊரில் விசாரித்துக்கொண்டு போங்கள்; உள்ளே போகும் முன் அனுமதி கேளுங்கள், படம் எடுக்கும் முன் இன்னொரு முறை கேளுங்கள். கிடா வெட்டு உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

நாங்கள் போன அன்று பூசை இல்லை. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரியவர் மட்டும் இருந்தார். அம்மா காரைக்கால் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். பூட்டனார் வழியாக வாய்மொழியாக வந்த பாட்டு என்று சொல்லிப் பாடினார். அர்த்தம் தனக்குத் தெரியாது என்று பிரெஞ்சில் சொன்னார். எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. அம்மாதான் திடீரென்று அவரோடு சேர்ந்து முணுமுணுக்க ஆரம்பித்தார். ‘ஆத்தா’ என்ற சொல்லும் ‘வேப்பிலை’ என்ற சொல்லும் தேய்ந்து உருமாறி இருந்தாலும் அவர் காதுக்குத் தப்பவில்லை. ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து அர்த்தம் சொல்ல, நான் அதைப் பிரெஞ்சில் சொல்ல, பெரியவர் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

திரும்பும்போது நான்கு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். மோர்ன் ரூழ் வளைவுகளில் சாயங்காலம் மூடுபனி இறங்கிவிடுகிறது, ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும்.