சின்ன ஹாலில் மார்கழிக் கச்சேரி: எங்கே உட்காருவது, எப்போது எழுவது

சீசனில் பெரிய சபா டிக்கெட்டுக்கு அலைகிறவர்கள் மயிலாப்பூரின் சின்ன ஹால்களையும் எட்டிப் பார்க்கலாம். நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் பக்கத்தில் உள்ள ராகசுதா ஹால் மாதிரி இடங்களில் கடைசி வரிசையிலிருந்தும் பாடகரின் முகம் தெரியும். நீங்கள் கொட்டாவி விடுவதும் அவருக்குத் தெரியும்.

இங்கெல்லாம் பெரும்பாலும் முதலில் வந்தவருக்கே இடம். கச்சேரி ஆறரைக்கு என்றால் ஆறு மணிக்கு உள்ளே இருங்கள், பேர் பெற்றவர் பாடுகிறார் என்றால் ஐந்தரைக்கே. முந்தின கச்சேரி முடிந்து ஜனம் கலைகிற சமயம் போனால் நல்ல நாற்காலி சிக்கும். கர்சீப் போட்டு நாலு பேருக்கு இடம் பிடிக்காதீர்கள், அது சீசன்தோறும் நடக்கிற சண்டை. டிபன், காப்பியை மாட வீதிப் பக்கமே முடித்துக்கொள்ளுங்கள். சின்ன ஹாலில் கேன்டீன் இருக்கும் என்று நம்ப முடியாது, கச்சேரிக்கு இடைவேளையும் கிடையாது. ஏசிக்கு ஒரு சால்வை போதும். இருமல் மிட்டாயின் உறையை வீட்டிலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தம்பூரா மட்டும் கேட்கிற நேரத்தில் அந்தச் சரசரப்பு மேடை வரை போகும்.

முதல் வரிசை ஏமாற்றும். கழுத்து வலிக்கும், ஸ்பீக்கர் பெட்டிகள் உங்களைத் தாண்டித்தான் பேசும். மூன்றிலிருந்து ஐந்தாவது வரிசைக்குள், நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் உட்காருங்கள். மிருதங்கக்காரர் பாடகருக்கு வலது பக்கம், அதாவது நமக்கு இடது பக்கம் இருப்பார். வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலது முகம், நம்மைப் பார்த்திருப்பதால் சாப்பு என்ற அடி துல்லியமாக விழும், பாடகர் போடும் தாளமும் கண்ணில் படும். வாசிப்பவர் இடது கைக்காரர் என்றால் அவரும் வயலினும் இடம் மாறியிருப்பார்கள், மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை அப்படி வாசித்தவர். தொப்பி, அதாவது மிருதங்கத்தின் மறு முகம், 'கும்'மென்று இரைந்து பாட்டை மூடினால் பாட்டு முடிந்ததும் ஒலி மிக்ஸரைக் கவனிப்பவரிடம் போய்ச் சொல்லுங்கள். பாடிக்கொண்டிருப்பவருக்குச் சைகை காட்டுவது அநாகரிகம்.

தாளம் போட ஆசையா, தாராளமாகப் போடுங்கள், தொடையில் சத்தம் வராமல். ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு-வீச்சு (தட்டிவிட்டுக் கையைத் திருப்புவது) இரண்டு தடவை: மொத்தம் 8. பாட்டு தட்டிலேயே தொடங்கும் என்று எண்ணுவதால்தான் பலருக்குத் தவறுகிறது. எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் புள்ளி, அரை இடமோ முக்கால் இடமோ தள்ளி வரலாம். சந்தேகம் வந்தால் கையை நிறுத்திவிட்டுப் பாடகரின் கையைப் பாருங்கள். முன்வரிசையில் தப்புத் தாளம் விழுந்தால் மேடையில் இருப்பவருக்கே தடுமாறும்.

இரண்டரை மணி நேரக் கச்சேரியில் ஒரு மணி நேரம் தாண்டியதும் பிரதான ராகம் வரும்: தோடி, கல்யாணி, காம்போஜி, பைரவி போல ஒன்று. ராகத்தை வார்த்தையில்லாமல் விரிக்கும் நீண்ட ஆலாபனை, அதற்கு வயலின் பதில், கீர்த்தனை, அதில் ஒரு வரியையே பலவிதமாகப் பாடும் நிரவல், ஸரிகம என்று பாடும் ஸ்வரம், பிறகு தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், சுருக்கமாகத் தனி. ராகம் எதுவென்று தெரியாவிட்டால் பக்கத்திலிருப்பவரைக் கேட்காதீர்கள், பாட்டு முடியும்வரை பொறுங்கள். ஃபோனில் பதிவு செய்ய அனுமதி வாங்க வேண்டும், ஃபிளாஷ் கூடவே கூடாது.

தனி தொடங்கியதும் எழுந்து போவது சென்னையின் கெட்ட பழக்கம். ஆயிரம் பேர் உட்காரும் அரங்கில் அது கரைந்துபோகும். நூறு நாற்காலியில் பத்துப் பேர் எழுந்தால் மிருதங்கக்காரருக்கு நேர் எதிரே ஓட்டை விழும். போயே ஆக வேண்டும் என்றால் ஸ்வரம் தொடங்குவதற்கு முன்பே, இல்லையென்றால் தனி முடிந்த பிறகு. முடிவு நெருங்குவது கேட்டாலே தெரியும்: மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிப்பது குறைந்துகொண்டே வரும், பிறகு இருவரும் சேர்ந்து முடிவை அறிவிக்கும் மோரா, அடுத்து கோர்வை என்ற முத்தாய்ப்பு மூன்று தடவை. கோர்வை போய் எடுப்பில் விழும்போது கை தட்டுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

அதன் பிறகு துக்கடா, அதாவது சின்னச் சின்னப் பாட்டுகள். விருப்பப் பாட்டு இருந்தால் தனிக்கு முன்பே துண்டுச் சீட்டில் பாட்டின் முதல் வரியையும் ராகத்தையும் எழுதி அமைப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரே ஒரு பாட்டு, அதுவும் சின்னதாக. பிரதானமாகப் பாட வேண்டியதைக் கடைசிப் பத்து நிமிடத்தில் கேட்டால் சீட்டு சட்டைப் பைக்குள் போய்விடும்.

சௌராஷ்டிர ராகத்தில் மங்களம், அதாவது கச்சேரியை முடிக்கும் பாட்டு, கேட்டதும் எல்லோருமே செருப்பைத் தேடக் கிளம்புவார்கள். உட்கார்ந்தே இருங்கள், ஐந்து நிமிடத்தில் வாசல் காலியாகும். ஹால் வாசலிலேயே ஆட்டோ பேசாமல் லஸ் பக்கம் நடந்து வந்து பிடியுங்கள், இல்லாவிட்டால் திருமயிலை பறக்கும் ரயில்.